புருவத்தில் ஒரு வெட்டு

சல்லடை என்றுதான் நீதிமன்ற வளாகத்தில் அவளுக்குப் பெயர். எதிர்த்தரப்பு வக்கீல்கள் வைத்த பட்டம் அது. அரசுத் தரப்பில் வழக்கு நடத்துவது அவள் வேலை. போலீஸ் கொண்டுவந்து கொட்டுகிற எதையும் அவள் அப்படியே அள்ளி வைத்துக்கொள்ள மாட்டாள். சலிப்பாள். "மழை கொட்டுச்சுன்னு எழுதியிருக்கு. அப்போ சட்டை ஏன் காய்ஞ்சிருக்கு?" என்பாள். "கதவை உடைச்சானா? பூட்டு எங்க?" என்பாள். இன்ஸ்பெக்டர்கள் அவள் அறைக்குள் நுழையும் முன் ஒரு தடவை எச்சில் விழுங்கிக்கொள்வார்கள்.

"அந்தம்மாகிட்ட பிறந்தநாள் கேக்கைக் கொடுத்தாக்கூட, பிறந்ததுக்குச் சாட்சி யாருன்னு கேக்கும்" என்று வக்கீல்கள் டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் காதிலும் விழும். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

வீட்டிலும் இதே கதை. கணவருக்கு ஊர் ஊராகப் போய் மருத்துவக் கருவிகள் விற்கும் வேலை. மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். மாமியாரும் மருமகளும்தான். மாமியாருக்கு டி.வி.யில் துப்பறியும் தொடர் ஓடினால் சோறு தண்ணீர் வேண்டாம். கதவைத் திறக்கும்போதே கேட்பார்:

"இன்னைக்கு யாரை உள்ள தள்ளின?"

"யாரையும் தள்ளலை அத்தை. சாட்சிக்குக் காய்ச்சலாம், வரலை."

"நடிப்பா இருக்கும்."

"டாக்டர் சீட்டு கொடுத்திருக்காரு."

"டாக்டரும் கூட்டு."

சந்தேகப்படுவதில் இருவரும் ஒரே கட்சி. காய்கறிக்காரரின் தராசு, எரிவாயு சிலிண்டரின் எடை, மேல்வீட்டுக்காரரின் திடீர் புன்னகை என்று எதையும் அந்த வீடு சும்மா விட்டதில்லை.

வேலையில் அவளுக்கு ஒரே ஒரு பழைய அவமானம் உண்டு. ஒரே பெயருள்ள இரண்டு குற்றவாளிகளின் கோப்புகள் மாறிப்போய், மிட்டாய்க் கடையில் திருடியவனைப் பார்த்து "இவர் ஓட்டிய லாரி" என்று வாதத்தைத் தொடங்கிவிட்டாள். நீதிபதியே கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். மறுநாளே அலுவலகத்தில் உத்தரவு போட்டாள்: ஒவ்வொரு கோப்பின் மேலட்டையிலும் குற்றம் சாட்டப்பட்டவரின் படத்தை ஒட்ட வேண்டும். பார்த்தவுடன் ஆள் தெரியும், கோப்பு மாறவே மாறாது. மேலதிகாரி பாராட்டினார். பக்கத்து நீதிமன்றங்களிலும் இதையே செய்யத் தொடங்கினார்கள். அதன்பிறகு அவள் கையில் கோப்பு மாறியதே இல்லை.

மருந்துக்கடைக்காரர் வழக்கு அவளிடம் வந்தது கோடையின் தொடக்கத்தில்.

அந்தி சாயும் நேரம். கடைக்காரர் கதவை இழுத்துப் பூட்டக் குனிந்திருக்கிறார். யாரோ பின்னாலிருந்து இரும்புக் கம்பியால் தலையில் அடித்துவிட்டு, கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான். உயிர் பிழைத்தது. ஆனால் பேச்சு குழறுகிறது, வலது கை தூக்க வரவில்லை. அடித்தவன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. பார்த்தது ஒரே ஒருவர்: எதிர்ச்சாரியில் துணி தைக்கும் அம்மாள்.

போலீஸ் பிடித்து வந்தது குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் மெக்கானிக்கை. முப்பது வயதுகூட இருக்காது, ஒல்லியான ஆள். சம்பவத்துக்குச் சில நாள் முன்னால் மருந்துக்கடைப் பெட்டியை அவன் சரிசெய்திருந்தான். அன்று இரவே அது நின்றுபோய், உள்ளே இருந்த ஊசி மருந்தெல்லாம் கெட்டுவிட்டது. நடுத்தெருவில் இருவருக்கும் வாய்ச்சண்டை. "உன்னைப் பார்த்துக்கறேன்" என்று அவன் சொன்னதைத் தெருவே கேட்டிருக்கிறது. அவன் கருவிப் பையில் ஒரு இரும்புக் கம்பியும் இருந்தது. மெக்கானிக் பையில் கம்பி இல்லாமல் கைவிசிறியா இருக்கும் என்று சல்லடை அப்போதே கேட்டாள். பறித்த கைப்பை கிடைக்கவில்லை. கம்பியில் கறையும் இல்லை.

ஆக, வழக்கு நின்றது தையல்காரம்மாவின் இரண்டு கண்களின்மேல். அந்த அம்மாள் அவனைக் கை காட்டினால் குறைந்தது ஏழு வருடம் உள்ளே போவான். காட்டாவிட்டால் வீட்டுக்குப் போவான். சந்தேக நபரைப் பலரோடு வரிசையில் நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்லும் வேலையையும் இன்ஸ்பெக்டர் செய்யவில்லை. அன்றைக்குப் பொருத்தமான ஆட்கள் கிடைக்கவில்லை என்று காரணம் எழுதியிருந்தார். "கோர்ட்ல நேரா காட்டட்டும் மேடம், அதுதானே எடுபடும்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னார். சல்லடை அவரை ஒரு பிடி பிடித்தாள். ஆனால் போனது போனதுதான்.

அதனாலேயே இந்தச் சாட்சியை அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். விசாரணைக்கு முன் சாட்சியைக் கூப்பிட்டு, போலீஸில் முதலில் சொன்னதைப் படித்துக் காட்டி, ஞாபகம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம். சொல்லிக் கொடுக்க மாட்டாள். ஒரு சொல்லைக்கூட எடுத்துக் கொடுக்க மாட்டாள். அதில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

முதல் தடவை தையல்காரம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "ஒல்லியா இருந்தான் மேடம். நீலச் சட்டை. ஓடும்போது ஒருக்கா திரும்பினான். பார்த்தா சொல்லிடலாம்னுதான் நினைக்கிறேன்."

நினைக்கிறாராம். சல்லடைக்கு அது பிடித்திருந்தது. பொய்ச்சாட்சிகள் நினைக்க மாட்டார்கள், அடித்துச் சொல்வார்கள்.

இரண்டாவது தடவை வந்தபோது, "சொல்லிடுவேன் மேடம்" என்றார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

மூன்றாவது தடவை, சல்லடை படித்து முடிக்கும் முன்பே குறுக்கிட்டார். "அவனேதான் மேடம். கண்ண மூடினா அந்த மூஞ்சிதான் வருது. இடது புருவத்துல ஒரு வெட்டு. மறக்குமா அது?"

சல்லடை ஒரு கணம் நின்றாள். மெக்கானிக்குக்கு இடது புருவத்தில் வெட்டு இருந்தது உண்மைதான். ஆனால் முதல் வாக்குமூலத்தில் அது இல்லை. பயத்தில் விட்டுப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினாள்.

விசாரணை நாளில் தையல்காரம்மா கூண்டில் ஏறி, விரலை நேராக நீட்டினார். மெக்கானிக் அந்த விரலைப் பார்த்தான், அப்புறம் தரையைப் பார்த்தான். பார்வையாளர் பெஞ்சில் இருந்த அவன் அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

எதிர்த்தரப்பு வக்கீலுக்கு 'ஆமாங்கய்யா' என்று பட்டம். நீதிபதி என்ன சொன்னாலும் அதுதான் அவர் பதில். எழுந்தார்.

"சாயங்காலம், வெளிச்சம் கம்மி. அப்படித்தானே?"

"கடை விளக்கு எரிஞ்சுதுங்க. புருவத்து வெட்டே தெரிஞ்சுது."

நீதிபதி, "தெளிவா சொல்றாங்களே வக்கீல்?" என்றார்.

"ஆமாங்கய்யா" என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்திருந்தது. "தட்டுல வெச்சுக் கொடுத்த மாதிரி முடிஞ்சுது மேடம்."

"அந்த வெட்டு முதல் வாக்குமூலத்துல இல்லையே."

"கொஞ்சம் கொஞ்சமாத்தானே மேடம் ஞாபகம் வரும்."

"எனக்கு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா மறந்துதான் போகுது" என்றாள் சல்லடை.

தாழ்வாரத்தின் கோடியில், தண்ணீர்க் குழாயருகே மெக்கானிக்கைக் காவலில் அழைத்து வந்த ஏட்டு நின்றிருந்தார். மெக்கானிக் விலங்கு போட்ட கைகளைக் குவித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் அவள் பேசக் கூடாது. ஏட்டைத் தனியே கூப்பிட்டாள்.

"ஏட்டய்யா, அவனுக்குப் புருவத்துல அது என்ன வெட்டு?"

"அதுவா மேடம்? ஜீப் கதவு. பிடிச்ச அன்னைக்கு ஏத்தும்போது குனிடான்னேன். குனியலை. ஆஸ்பத்திரியில தையல் போட்டு எடுத்துட்டு வந்தோம். என் கைக்குட்டை பூரா ரத்தம். அந்தக் கறைக்கு வீட்டுக்காரிகிட்ட நான் தனியா ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டியதாப் போச்சு."

"பிடிச்ச அன்னைக்கா? அதுக்கு முன்னாடியே இருந்திருக்காதா?"

"முன்னாடி வழவழன்னு இருந்த மூஞ்சி மேடம் அது."

ஏட்டு சிரித்துக்கொண்டே போய்விட்டார். சல்லடை நின்ற இடத்திலேயே நாளைக் கணக்குப் போட்டாள். சம்பவம் நடந்து பல நாள் கழித்துத்தான் ஆளைப் பிடித்தார்கள். அடித்துவிட்டு ஓடியவன் முகத்தில் இருந்திருக்கவே முடியாத ஒரு வெட்டை, ஒரு அம்மாள் சத்தியம் செய்துவிட்டுக் கூண்டில் நின்று சொல்லியிருக்கிறார்.

முதல் சந்தேகம் ஏட்டின்மேலேயே விழுந்தது. யார் சொல்லி இதை அவிழ்த்துவிடுகிறார்? மெக்கானிக்கின் அக்கா கண்ணைக் கசக்கியிருப்பாளோ? ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, தையல் போட்ட டாக்டரையே பிடித்தாள். "நினைவிருக்கு. ரத்தம் நிக்காத புதுக் காயம். ஏட்டு ஒருத்தர் தன் கைக்குட்டைக்காகப் புலம்பிட்டே இருந்தாரு" என்றார் டாக்டர். ஏட்டு தப்பித்தார்.

அடுத்தது தையல்காரம்மா. மெக்கானிக்கோடு ஏதாவது பழைய பகையா? விசாரிக்கச் சொன்னாள். பகையும் இல்லை, பழக்கமும் இல்லை. தெருச்சண்டை நடந்த அன்று அந்த அம்மாள் ஊரிலேயே இல்லை, சம்பவத்துக்கு முன்னால் அவனைப் பார்த்ததே இல்லை.

அப்படியானால் பிடித்த பிறகு எடுத்த படத்தை யாரோ காட்டியிருக்க வேண்டும். மிச்சம் இருந்தது இன்ஸ்பெக்டர். அவரைக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"சாட்சிகிட்ட இவன் படத்தை யாரு காட்டினது?"

"என்ன மேடம் கேக்கறீங்க?"

"கேட்டது காதுல விழுந்துச்சுல்ல?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மேடம், நான் சோம்பேறின்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். வரிசையில நிறுத்தியிருக்கணும், நிறுத்தலை. ஆனா படத்தைக் காட்டி ஆளைப் பிடிச்சுக் கொடுக்கற ஈனத்தனம் என் பரம்பரையிலயே கிடையாது. அதுவும் போக, எங்ககிட்ட ஏது படம்? எல்லாத்தையும் உங்க ஆபீஸுக்குத்தானே அனுப்பறோம்."

அவர் கதவை அறையாமல் சாத்திவிட்டுப் போனார். அது அறைந்ததைவிட உறைத்தது.

எங்கள் ஆபீஸா. அப்படியானால் டைப்பிஸ்ட். அலுவலகத்தில் அவளைத் தவிர இருப்பது அவர் ஒருவர்தான். சாதுவான மனிதர், மூக்குப்பொடி டப்பா ஒன்றைத் தவிர வேறு பழக்கம் இல்லாதவர். சல்லடை அவரைக் கண்காணிக்க ஆரம்பித்தாள். சொல்லாமல் கொள்ளாமல் முன்கூட்டியே வருவாள். மறந்ததுபோலத் திரும்பி வந்து எட்டிப் பார்ப்பாள். அவர் டீ குடிக்கப் போனால் யாரோடு குடிக்கிறார் என்று ஜன்னல் வழியே பார்ப்பாள். ஒரு நாள் அவர் தட்டச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"கொஞ்ச நாளா மேடம் என்னைக் களவாணி மாதிரி பார்க்கறீங்க. பொடி டப்பாவைத் திறந்து காட்டட்டுமா?"

"கோப்புகளை யார்கிட்டயாவது கொடுத்தீங்களா அண்ணே?"

"பீரோ சாவி உங்க கைப்பையில. கைப்பை உங்க தோள்ல. நான் கோப்பைப் பார்க்கறதே நீங்க கையில தூக்கிப் பிடிக்கும்போதுதான்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. சந்தேகத்தை அவள் இன்னும் இறக்கி வைத்திருக்கவில்லை.

அந்த வாரம் ஒரு சைக்கிள் திருட்டு வழக்கு. சைக்கிளைப் பறிகொடுத்த பால்காரர் சாட்சி. சல்லடை வழக்கம்போல அவரை எதிரே உட்கார வைத்து, கோப்பைத் திறந்து, முகத்துக்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு படித்தாள். கண்ணுக்குக் கிட்டத்து எழுத்து மங்கி இரண்டு வருடமாகிறது. கண்ணாடி போட்டால் வக்கீல்கள் அதற்கும் ஒரு பட்டம் வைப்பார்கள் என்று கையை நீட்டி நீட்டிச் சமாளித்து வந்தாள்.

"ஆளு எப்படி இருந்தான்னு ஞாபகம் இருக்கா?"

"குட்டையா இருந்தான் மேடம். சப்பை மூக்கு. காது ரெண்டும் விடைச்சிட்டு."

"மூக்கு, காதெல்லாம் போலீஸ்ல சொல்லலையே நீங்க?"

"அப்போ ஞாபகம் வரலை. இப்போ பளிச்சுன்னு வருது."

"எப்படி வருது?"

பால்காரர் கள்ளங்கபடம் இல்லாமல் விரலை நீட்டினார். "இதோ இருக்காரே மேடம்."

சல்லடை கோப்பைத் தணித்தாள். திருப்பினாள். மேலட்டையில் சப்பை மூக்கும் விடைத்த காதுமாகச் சைக்கிள் திருடன் என்று குற்றம் சாட்டப்பட்டவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பால்காரரை அனுப்பிவிட்டு, மருந்துக்கடைக் கோப்பை எடுத்தாள். மேலட்டையில் மெக்கானிக்கின் படம். கைது செய்த அன்று எடுத்தது. இடது புருவத்தில் தையலோடு வெட்டு கறுத்துத் தெரிந்தது. இந்தப் படத்தை, தையல்காரம்மாவின் மூக்குக்கு ஒரு முழம் தூரத்தில், மூன்று தடவையும் வாக்குமூலம் முழுக்கப் படித்து முடிக்கும் வரை அவள் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று சாயங்காலம் ஓடியவன் முகம் அந்த அம்மாவுக்கு ஒரு நொடி தெரிந்திருக்கும். இந்த முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தார்? பார்க்கப் பார்க்க, ஓடியவனின் கலங்கலான முகம் போய் இது வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னார்.

ஏட்டு, தையல்காரம்மா, இன்ஸ்பெக்டர், டைப்பிஸ்ட். எல்லாரையும் சலித்தாயிற்று. கடைசியில் சல்லடையில் நின்றது அவளே.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டார்: "படத்தை யாரு காட்டினதுன்னு கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சேன் அத்தை."

"இன்ஸ்பெக்டரா? நான் அப்பவே சொன்னேன்."

"நான்தான்."

மாமியார் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "இது யாருக்குத் தெரியும்?" என்றார்.

"எனக்கு. இப்போ உங்களுக்கு."

"எங்கிட்ட சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை" என்று மாமியார் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். அதைவிடப் பெரிய ஆதரவு அவருக்குத் தெரியாது.

மேலதிகாரியின் பேச்சும் ஏறக்குறைய அதேதான், கொஞ்சம் நாகரிகமாக. "வெட்டு விஷயம் எதிர்த்தரப்பு கண்டுபிடிக்கட்டுமே. அதுக்குத்தானே அவங்க வக்கீல் வெச்சிருக்காங்க?"

"அவரு கண்டுபிடிக்க மாட்டாரு சார். அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே தெரிஞ்சிருக்கும். தூங்கறாரு."

"அது அவங்க தலையெழுத்து."

"ஒரு ஆளை உள்ள அனுப்பறதுக்கு எனக்குச் சம்பளம் இல்லை சார். நடந்தது என்னன்னு கோர்ட்டுக்குச் சொல்றதுக்குத்தான். அவனுக்குச் சாதகமா எனக்குத் தெரிஞ்சதை நான் மடியில கட்டி வெச்சுக்க முடியாது."

"அவன்தான் அடிச்சிருந்தா?"

இதுதான் அவளையும் குடைந்துகொண்டிருந்தது. அவன்தான் அடித்திருக்கலாம். சண்டை உண்மை, மிரட்டல் உண்மை. வெட்டு பொய்யானதால் அவன் நல்லவன் ஆகிவிட மாட்டான். "இருக்கலாம் சார்" என்றாள். "ஆனா அவன்தான்னு எனக்குத் தெரியாது. நேத்து வரைக்கும் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

மேலதிகாரி பேனாவை மூடினார். "இதைத் திறந்தா இது ஒண்ணோட நிக்காது. அந்தப் படம் ஒட்டற வேலையைப் பாராட்டி நானே சுற்றறிக்கை அனுப்பியிருக்கேன். எத்தனை வழக்கு, எத்தனை சாட்சி."

"தெரியும் சார். அடையாளம் காட்டினதை மட்டும் நம்பி தண்டனை வாங்கினதெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். இன்னும் உள்ள இருக்கறவங்களோடது முதல்ல."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நான் உன்னைத் தடுக்கலை. தடுத்தேன்னு நாளைக்கு நீயே சந்தேகப்படுவ" என்றார்.

ஆமாங்கய்யாவிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். அவர் தாளை மேலும் கீழும் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார்.

"இதுல என்ன பொறி மேடம்?"

"பொறி இல்லை."

"பத்து வருஷமா உங்ககிட்ட அடி வாங்கறேன். சும்மா கொடுக்க மாட்டீங்களே நீங்க."

"படிங்க. சாட்சியைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி மனு போடுங்க. நான் எதிர்க்க மாட்டேன்."

அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். அன்றைக்கெல்லாம் தாழ்வாரத்தில் அவளைத் தூர நின்று பார்த்துக்கொண்டிருந்தார், சூடு பட்ட பூனை பாலைப் பார்ப்பதுபோல.

தையல்காரம்மா மீண்டும் கூண்டில் ஏறினார். முகத்தில் எரிச்சல். ஏட்டு முன்னதாகச் சாட்சி சொல்லியாகிவிட்டது, டாக்டரும். பிடித்த அன்று உண்டான காயம் என்று இருவரும் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். ஆமாங்கய்யா அன்று தூங்கவில்லை.

"வெட்டு பிடிச்ச அன்னைக்குத்தான் வந்துச்சுன்னு டாக்டரே சொல்றாரும்மா. நீங்க எப்படி அதுக்கு முன்னாடியே பார்த்தீங்க?"

"பார்த்தேங்க. கண்ணால பார்த்தேன்."

"எங்க?"

"கடைக்கு முன்னாடி." கொஞ்சம் நிறுத்தி, சல்லடையின் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்களே சொல்லுங்க. நான் முதல்லேருந்து உங்ககிட்ட இதைத்தானே சொன்னேன்?"

சல்லடை எழுந்தாள். "முதல்லேருந்து சொல்லலைம்மா. மூணாவது தடவைதான் சொன்னீங்க. முதல் ரெண்டு தடவையும் என் கையில இந்தக் கோப்பு இருந்துச்சு. அட்டை உங்க பக்கம்."

கோப்பைத் தூக்கி, அறையில் பிடித்ததுபோலவே நீட்டிப் பிடித்தாள். நீதிபதியிடமும் சொன்னாள்: இந்தப் பழக்கம் தன்னுடையது, இன்ஸ்பெக்டருக்கோ சாட்சிக்கோ இதில் பங்கில்லை, இந்த அடையாளத்தை நம்பி இவரைத் தண்டிக்கும்படி அரசுத் தரப்பு கேட்கவில்லை.

தையல்காரம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்போ அன்னைக்கு நான் யாரைப் பார்த்தேன்?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. கூண்டிலிருந்து இறங்கும்போது சல்லடையின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

நீதிபதி நெடுநேரம் எழுதினார். பிறகு மெக்கானிக்கை விடுதலை செய்வதாகப் படித்தார். கூடவே, படம் ஒட்டிய கோப்போடு சாட்சிகளைச் சந்திக்கும் வழக்கத்தைப் பற்றி நாலு கடுமையான வரிகள் படித்தார். சல்லடை நின்றபடியே கேட்டுக்கொண்டாள்.

வாசலில் இன்ஸ்பெக்டர் அவளைக் கடந்து போனார். "என் பரம்பரையைக் காப்பாத்திட்டீங்க மேடம்" என்றார். நன்றியா குத்தலா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

படியருகே மெக்கானிக் நின்றிருந்தான். அக்கா அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள், "வாடா, போயிடலாம், நிக்காத" என்று. அவன் நகரவில்லை. சல்லடை வந்ததும் கேட்டான்:

"இதுல உங்களுக்கு என்ன லாபம் மேடம்?"

"ஒண்ணும் இல்லை."

"ஒண்ணும் இல்லாம யாரும் எதுவும் செய்ய மாட்டாங்க."

"செஞ்ச தப்பைச் சொன்னேன். அவ்வளவுதான்."

அவன் அதை வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. "நாளைக்கே மறுபடி வந்து பிடிச்சுட்டுப் போவாங்களா?"

"இந்த வழக்கு முடிஞ்சு போச்சு. ஆனா ஊர்ல எது நடந்தாலும் உன்னை வந்து கேப்பாங்க. கேக்க மாட்டாங்கன்னு நான் சொன்னா அது பொய்."

அக்கா, "இந்தம்மாகிட்ட என்னடா பேச்சு, இவங்கதானே உன்னை..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். மெக்கானிக் மட்டும் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான்.

"இது ஒண்ணுதான் நீங்க சொன்னதுல நம்பற மாதிரி இருக்கு" என்றான்.

இருவரும் வெயிலில் இறங்கி நடந்தார்கள். தெரு முனை வரும்வரை அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். யாராவது பின்னால் வருகிறார்களா என்று பார்த்திருப்பான்.

தாழ்வாரத்தில் மருந்துக்கடைக்காரரின் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தார். கணவரை அழைத்து வரவில்லை. அழைத்து வந்தால் படியேற்ற இரண்டு ஆள் வேண்டும்.

"அப்போ எங்க வீட்டுக்காரரை அடிச்சது யாரு மேடம்?"

"தெரியலைம்மா."

"இவன் இல்லையா?"

"அதுவும் தெரியலை."

"தெரியலை, தெரியலைன்னு சொல்றதுக்கா எங்களை இத்தனை நாள் நடக்க விட்டீங்க?"

ஓடியவன் முகத்தைப் பார்த்த ஒரே ஒருவரின் கண்ணிலிருந்து அந்த முகத்தைச் சல்லடையே அழித்துவிட்டிருந்தாள். இனி உண்மையான ஆளே எதிரில் வந்து நின்றாலும் தையல்காரம்மாவுக்கு மெக்கானிக்கின் புருவம்தான் தெரியும். அதை இந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். இன்றைக்கே சொல்ல வேண்டும், வேறு யார் வாயிலிருந்தும் அவர் கேட்டுவிடக் கூடாது.

பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் தன் கைப்பையை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"சொல்லுங்க" என்றார், அவளைப் பார்க்காமலே.